குழந்தை உரிமையும் நலனும்: சின்ன கிளாஸ் எடுக்கிறவங்க அடிக்கடி கேட்கிற கேள்விகள்

சின்ன கிளாஸ் எடுக்கிற டீச்சர்களோட உட்கார்ந்து பேசும்போதெல்லாம் அதே பத்துப் பதினஞ்சு டவுட்டு தான் திரும்பத் திரும்ப வருது, ஒவ்வொரு தடவையும் வாயால சொல்றத விட ஒரே இடத்துல எழுதி வச்சிட்டா கேட்கிறவங்களுக்கு அனுப்பிவிடலாமேன்னு இத தொகுத்தேன். கேள்விகள அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன். நானும் பல வருஷமா ஒண்ணாம் கிளாஸ்லருந்து அஞ்சாம் கிளாஸ் வரைக்கும் எடுக்கிற ஆள் தான்.

குழந்தை உரிமை குழந்தை உரிமைன்றாங்களே, அது சட்டமா இல்ல சும்மா நல்ல எண்ணமா?

சட்டத்துக்கு அடிப்படை அது. 1989 நவம்பர் 20ஆம் தேதி ஐநா பொதுச்சபை குழந்தை உரிமைகள் உடன்படிக்கைய ஏத்துக்கிச்சு, 1990 செப்டம்பர்ல நடைமுறைக்கு வந்துச்சு. மொத்தம் 54 பிரிவு. 18 வயசுக்குக் கீழ இருக்கிற எல்லாரும் இதுப்படி குழந்தை தான், ஒரு நாட்டோட சட்டம் அதுக்கு முன்னாடியே மேஜர்னு சொன்னா மட்டும் வேற. இன்னிக்கு 196 தரப்பு இதுல இருக்கு, ஐநா உறுப்பு நாடுகள்ல அமெரிக்கா மட்டும் கையெழுத்து போட்டுட்டு உறுதி பண்ணாம, அதாவது சட்டப்படி கட்டுப்படுறோம்னு ஒத்துக்காம இருக்கு. உறுதி பண்ணின நாடு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஐநா குழந்தை உரிமைக் குழுவுக்கு இது வரைக்கும் என்ன பண்ணோம்னு அறிக்கை கொடுக்கணும்.

இதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு, அத டீச்சர்கள் தெரிஞ்சுக்கிட்டா நல்லது. முதல் உலகப்போர் முடிஞ்சு பிள்ளைங்க பட்டினி கிடந்தத பார்த்துட்டு எக்லன்டைன் ஜெப்னு ஒரு அம்மா அஞ்சே அம்சத்துல ஒரு பிரகடனம் எழுதினாங்க, அத 1924ல ஜெனீவால சர்வதேச சங்கம் (ஐநாவுக்கு முன்னாடி இருந்த உலக நாடுகளோட அமைப்பு) ஏத்துக்கிச்சு. பசிச்ச பிள்ளைக்கு சாப்பாடு, நோய் வந்த பிள்ளைக்கு வைத்தியம்னு எல்லாமே பெரியவங்க கொடுக்க வேண்டியதா தான் அதுல இருந்துச்சு. குழந்தைக்கும் ஒரு கருத்து இருக்கும், அத கேட்கணும்ன்றது 65 வருஷம் கழிச்சு வந்த உடன்படிக்கையில, 12வது பிரிவா தான் வந்துச்சு. கிளாஸ்லயும் நமக்கு கஷ்டமா இருக்கிறது சரியா அந்த இடம் தான், கொடுக்கிறது ஈஸியா வந்துடுது, கேட்கிறது வரமாட்டேங்குது.

54 பிரிவையும் நடத்தணுமா? எனக்கே மனப்பாடமா தெரியாதே.

வேண்டவே வேண்டாம். 41 வரைக்கும் தான் உரிமைகள், அதுக்கப்புறம் வர்றது அத எப்படி நடைமுறைப்படுத்துறதுன்றது. நாலு பிரிவ நீங்க நல்லா உள்வாங்கிக்கிட்டா போதும்: 2 – யாரையும் பாகுபாடு பண்ணக்கூடாது, 3 – எந்த முடிவுலயும் குழந்தையோட நலன முக்கியமா பார்க்கணும், 6 – உயிர் வாழவும் வளரவும் உரிமை, 12 – கருத்த கேட்கணும். சின்ன கிளாஸுக்கு நான் இதோட 19ஐயும் (வன்முறைலருந்து பாதுகாப்பு) 31ஐயும் (ஓய்வு, விளையாட்டு) சேர்த்துக்குவேன். நம்பர் உங்களுக்குத் தான், பிள்ளைங்களுக்கு நம்பர் சொல்லவே சொல்லாதீங்க, அப்புறம் அது பரிட்சைக்கு படிக்கிற விஷயமா ஆயிடும்.

ஆறு வயசுப் பிள்ளைக்கு உரிமைன்னா புரியுமா?

அந்த வார்த்தை புரியாது, ஆனா விஷயம் நம்மள விட நல்லாவே புரியும். லைன்ல நிக்கும்போது ஒருத்தன் நடுவுல பூந்துட்டா ஆறு வயசுப் பிள்ளை என்ன சொல்லும்? “டீச்சர், இது நியாயமே இல்ல”. அங்கருந்து ஆரம்பிங்க. ஏன் நியாயமில்ல, உனக்கு எப்படி இருந்துச்சு, அவன் இடத்துல நீ இருந்தா என்ன பண்ணுவன்னு கேட்டுக்கிட்டே போனா அந்தப் பேச்சு தானாவே உரிமைக்கு வந்து நிக்கும். மூணாம் கிளாஸ்ல அந்த வார்த்தைய கொடுத்தா போதும், அதுக்குள்ள விஷயம் அவங்க கையில இருக்கும்.

சரி, இதுக்கான முதல் பாடத்துல குறிப்பா என்ன பண்றது?

நான் பண்றது அட்டை விளையாட்டு. இருபது அட்டை, ஒவ்வொண்ணுலயும் ஒரு படம், கீழ ஒரு வார்த்தை: குடிக்கிற தண்ணி, பொம்மை, மருந்து, டிவி, சைக்கிள், தூங்க ஒரு இடம், பேர், புது டிரஸ், விளையாட நேரம், பயமில்லாம இருக்கிறது, என் பேச்ச ஒருத்தர் கேட்கிறது, இந்த மாதிரி. நாலு நாலு பேரா உட்கார வச்சு, நாம எல்லாரும் கப்பல்ல புது இடத்துக்குப் போறோம், இதெல்லாம் கூட எடுத்துட்டுப் போலாம்னு சொல்வேன். பாதி வழியில கப்பல் பாரம் தாங்கல, ஆறு அட்டைய விட்டுடணும். கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு ஆறு. மிச்சம் எட்டு. ரெண்டாவது ஆறுல தான் சண்டை வரும், அந்தச் சண்டை தான் பாடம், அத நிறுத்தாதீங்க.

ஒரு ரெண்டாம் கிளாஸ்ல எல்லாரும் ‘பேர்’ அட்டைய தூக்கிப் போடப் போனாங்க, ஒரு பொண்ணு மட்டும் அத ரெண்டு கையாலயும் தரையோட அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. ஏம்மான்னு கேட்டேன், “பேர் இல்லன்னா மருந்து அட்டை இருந்தும் பிரயோஜனம் இல்ல மிஸ், ஆஸ்பத்திரியில என்னன்னு கூப்பிடுவாங்க?” பிறந்த உடனே பதிவு பண்ணி பேர் கொடுக்கணும்னு 7வது பிரிவு ஏன் இருக்குன்னு நான் அவ்வளவு தெளிவா எங்கயும் கேட்டதில்ல. அதே மாதிரி இன்னொரு குரூப்ல சைக்கிள் வெறும் ஆசை தான்னு தள்ளிட்டாங்க, அப்ப ஒரு பையன், வீடு ரொம்ப தூரத்துல இருந்தா ஸ்கூலுக்கு எப்படி வர்றதுன்னு கேட்டான். எது தேவை எது ஆசைன்றது ஆளுக்கு ஆள் மாறும்னு அவங்களே கண்டுபிடிச்சாங்க. கடைசியா மிச்சம் இருக்கிற அட்டைங்கள காட்டி, இதெல்லாம் யார் கையிலயும் பரிசா வாங்க வேண்டியது இல்ல, உங்களுக்கு உள்ளது, இதுக்குத் தான் உரிமைன்னு பேர்னு முடிச்சுக்கலாம்.

உரிமைய சொன்னா கடமையையும் சேர்த்து தானே சொல்லணும்?

இந்தக் கேள்வி வராத கூட்டமே இல்ல. கடமை வேணாம்னு நான் சொல்லல, ஆனா ரெண்டையும் ஒரே கயித்துல கட்டாதீங்க. “ஹோம்வொர்க் முடிச்சா தான் உனக்கு விளையாட உரிமை”ன்னு சொன்ன அடுத்த நிமிஷம் அது உரிமை இல்ல, கூலி ஆயிடுது. சேட்டை பண்ணின பிள்ளைக்கும் தண்ணி குடிக்க உரிமை இருக்கு, பொய் சொன்ன பிள்ளைக்கும் அடி வாங்காம இருக்க உரிமை இருக்கு.

இதுல சட்டப்படியான கடமை அரசுக்கும், அரசு வழியா பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் தான். பிள்ளைகிட்ட கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: உனக்கு இருக்கிற அதே உரிமை பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவனுக்கும் இருக்கு, நீ கத்தினா அவனுக்குப் பாடம் கேட்குமா? இப்படிக் கேட்டா பொறுப்பு உள்ளருந்து வருது.

இதெல்லாம் சொல்லிக்கொடுத்தா எதிர்த்துப் பேச மாட்டாங்களா?

பேசுவாங்க. முதல் ரெண்டு மூணு வாரம் “எனக்கு உரிமை இருக்கு”ன்றத எல்லாத்துக்கும் இழுப்பாங்க, ஹோம்வொர்க் எழுதாததுக்குக் கூட. புதுசா ஒரு வார்த்தை கையில கிடைச்சா பிள்ளைங்க அத எல்லா இடத்துலயும் வச்சுப் பார்க்கிறது சகஜம். கோபப்படாம, அட்டைங்கள எடுத்துட்டு வா, இதுல எது அந்த உரிமைன்னு காட்டுன்னு உட்கார வச்சு பேசினா அது அடங்கிடும், அதுக்கப்புறம் வர்ற கேள்விகள் நியாயமான கேள்விகளா இருக்கும்.

போலந்துல யானுஷ் கோர்ச்சாக்னு ஒரு டாக்டர் இருந்தாரு, 1912லருந்து வார்சால யூதப் பிள்ளைங்களுக்கான அனாதை இல்லத்த நடத்தினவர். அங்க பிள்ளைங்களே நீதிபதியா உட்கார்ற ஒரு கோர்ட் வச்சிருந்தாரு, பெரியவங்க மேலயும் புகார் கொடுக்கலாம், அவரே அந்தக் கோர்ட்டுல நின்னிருக்காரு. அந்தக் கோர்ட்டு விதிகள்ல பெரும்பாலானது மன்னிக்கிறதப் பத்தினது தான். பிள்ளைங்க கையில அதிகாரம் கொடுத்தா கட்டுப்பாடு போயிடும்னு பயந்திருந்தா அவரு அத ஆரம்பிச்சிருக்கவே மாட்டாரு. 1942ல நாஜிகள் அந்தப் பிள்ளைங்கள ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டு போனப்ப, தப்பிக்க வழி இருந்தும் அவங்கள விட்டுட்டு வரமாட்டேன்னு கூடவே போயி அங்கயே செத்தாரு. 1978ல உலகளவுல ஒரு உடன்படிக்கை வேணும்னு ஐநால முதல்ல கேட்ட நாடும் போலந்து தான்.

எல்லார் கருத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தா பாடத்த எப்ப முடிக்கிறது?

கருத்த கேட்கிறதுன்னா அவங்க சொன்னபடி ஆடுறதுன்னு அர்த்தமில்ல. வயசுக்கும் பக்குவத்துக்கும் ஏத்த மாதிரி அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்கணும்னு தான் 12வது பிரிவு சொல்லுது. முடிவு நீங்களே எடுக்கலாம், ஆனா ஏன் அப்படி எடுத்தீங்கன்னு திரும்பி வந்து சொல்லணும். நம்மள்ல நிறைய பேர் கேட்டுட்டு அதோட விட்டுடுறோம், பிள்ளைங்களுக்கு அது கேட்காம இருந்ததை விட மோசமா படும்.

வாரத்துக்கு இருபது நிமிஷம் வட்டமா உட்காருங்க. கையில ஒரு பந்து, பந்து யார் கையில இருக்கோ அவங்க மட்டும் பேசணும், பேச இஷ்டமில்லன்னா பந்த அடுத்த ஆளுக்குக் கொடுத்துடலாம். உண்மையிலயே மாத்தக்கூடிய விஷயத்த மட்டும் கேளுங்க, உட்கார்ற இடம், லைப்ரரி முறை, கிளாஸ் விதி. மாத்தவே முடியாதத கேட்டுட்டு முடியாதுன்னு சொல்றது ஏமாத்துற மாதிரி.

பேசவே பேசாத பிள்ளை இருக்கே, அதுக்கு என்ன பண்றது?

கருத்துன்னா வாயால சொல்றது மட்டும் இல்ல, வரையலாம், அட்டைய கைகாட்டலாம், ரெண்டு படத்துல ஒண்ண தொடலாம். கேட்கவோ பேசவோ முடியாத பிள்ளை, கத்துக்க நேரம் எடுக்கிற பிள்ளை, வீட்ல வேற மொழி பேசுற பிள்ளை எல்லாரும் இதுல வரணும். என் கிளாஸ்ல மூடி போட்ட ஒரு டப்பா இருக்கு, எப்ப வேணா சீட்டு போடலாம். ஒரு தடவை அதுல எழுத்தே இல்லாம ஒரு படம் வந்துச்சு, பாத்ரூம் கதவு, அதுல தாழ்ப்பாள் இருக்கிற இடத்துல ஒரு வட்டம், வட்டத்துக்குள்ள ஒண்ணுமே இல்ல. போய் பார்த்தா தாழ்ப்பாள் உடைஞ்சு எத்தனையோ நாளாச்சு. அந்தப் பிள்ளை காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்திருக்கு. ஒரு தாழ்ப்பாள் தான், ஆனா அந்தரங்கம், ஆரோக்கியம், படிப்பு மூணும் அதுல மாட்டிக்கிட்டு இருந்துச்சு.

அடிக்காம, மிரட்டாம கிளாஸ எப்படி அடக்குறது? சொல்றது ஈஸி.

ஈஸி இல்லன்னு எனக்கும் தெரியும். ஆனா இதுல பேரம் கிடையாது. பள்ளிக்கூட ஒழுங்கு குழந்தையோட கண்ணியத்துக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு 28வது பிரிவே சொல்லுது, உடம்புல அடிக்கிறதும் அவமானப்படுத்துறதும் எந்த அளவுலயும் கூடாதுன்னு குழந்தை உரிமைக் குழு 2006ல விளக்கமாவே எழுதியிருக்கு. வீட்லயும் அடிக்கக்கூடாதுன்னு முதல்ல சட்டம் போட்டது ஸ்வீடன், 1979ல, உடன்படிக்கை வர்றதுக்குப் பத்து வருஷம் முன்னாடி. கையில பிரம்ப வச்சுக்கிட்டு பாதுகாப்பு உரிமைய நடத்தினா பிள்ளை பிரம்ப தான் படிக்கும்.

விதிகள பிள்ளைங்களோட சேர்ந்து எழுதுங்க, அஞ்சுக்கு மேல வேண்டாம். மீறினா என்ன ஆகும்னும் அப்பவே பேசி வச்சுக்கோங்க, அது செஞ்ச தப்போட சம்பந்தப்பட்டதா இருக்கட்டும், தண்ணிய கொட்டினா துடைக்கிறது, ஒருத்தன் நோட்ட கிழிச்சா உட்கார்ந்து ஒட்டிக் கொடுக்கிறது. எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வச்சு திட்டுறத விட பக்கத்துல குனிஞ்சு மெதுவா சொல்றதுக்கு பலன் அதிகம். தினமும் ஒரே பிள்ளை தகராறு பண்ணினா அடுத்த கேள்வியையும் சேர்த்து படிங்க.

நலன், வெல்பீயிங்னு சொல்றாங்களே, அது தனிப் பாடமா?

தனி பீரியட் இருந்தா சந்தோஷம், இல்லன்னாலும் பரவால்ல. காலையில வந்த உடனே “எப்படி இருக்கீங்க”ன்னா முப்பது பேரும் ஒரே ராகத்துல நல்லா இருக்கோம்னு சொல்வாங்க, அதுல ஒண்ணும் தெரியாது. கதவு பக்கத்துல நாலு கலர் ஒட்டி வச்சு உள்ள வரும்போது ஒண்ண தொட்டுட்டு வரச் சொல்லுங்க. தொடர்ந்து மூணு நாள் ஒரே பிள்ளை சோகக் கலர தொட்டா தனியா கூப்பிட்டு பேசலாம். அடிக்கடி வயித்து வலி, தலைவலின்னு வர்ற பிள்ளைக்கு சில சமயம் பயமோ கவலையோ தான் அப்படி வெளிய வருது, நடிக்கிறான்னு முடிவு பண்ணிடாதீங்க, ஆனா உடம்புக்கு ஒண்ணும் இல்லையான்னு முதல்ல டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. தூக்கத்தையும் கேளுங்க, ஆறுலருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு 9லருந்து 12 மணி நேரம் தூங்கணும், காலையில எரிஞ்சு விழுற பிள்ளை ராத்திரி சரியா தூங்காத பிள்ளையா இருக்கலாம்.

விளையாட்டு பீரியட்ல கணக்கு நடத்தினா என்ன தப்பு? அவங்க நல்லதுக்குத் தானே?

தப்பு தான். 31வது பிரிவு விளையாட்ட பரிசுன்னு சொல்லல, உரிமைன்னு சொல்லுது. உலக சுகாதார நிறுவனமும் 5லருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷமாவது நல்லா ஓடி ஆடணும்னு சொல்லுது. தண்டனையா விளையாட்ட பிடுங்கினா, உட்கார முடியாம தவிக்கிற பிள்ளைய இன்னும் உட்கார வைக்கிறோம், அடுத்த பீரியட் இன்னும் மோசமா போகும்.

தொடுதல் பத்தி சொல்லிக்கொடுக்க கூச்சமா இருக்கு. எப்படி ஆரம்பிக்கிறது?

உடம்பு பாகம் எல்லாத்துக்கும் சரியான பேர சொல்லிக்கொடுக்கிறதுல ஆரம்பிங்க, மூக்கு, முழங்கால் மாதிரியே சாதாரணக் குரல்ல. பேர் தெரியாத இடத்துல என்ன நடந்துச்சுன்னு பிள்ளையால சொல்ல முடியாது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்னு பிரிக்கிறத விட பாதுகாப்பானது, பாதுகாப்பில்லாததுன்னு சொல்றது நல்லது, ஏன்னா ஊசி வலிக்கும் ஆனா பாதுகாப்பானது, பாதுகாப்பில்லாத தொடுதல் சில சமயம் வலிக்காமலும் அன்பா தெரியுற மாதிரியும் இருக்கும், அதுல பிள்ளை குழம்பிடும்.

ரகசியத்துக்கும் சர்ப்ரைஸுக்கும் வித்தியாசம் சொல்லுங்க. சர்ப்ரைஸ் ஒரு நாள் எல்லாருக்கும் தெரியப்போறது. எப்பவும் யார்கிட்டயும் சொல்லாதன்னு ஒரு பெரியவங்க சொன்னா, அத சொல்லியே ஆகணும். கையோட அஞ்சு விரலுக்கும் நம்பிக்கையான அஞ்சு பெரியவங்க பேர எழுதச் சொல்லுங்க, அதுல ஒருத்தராவது வீட்டுக்கு வெளிய உள்ளவங்களா இருக்கட்டும். “நீ சொன்னத ஒருத்தர் நம்பலன்னா அடுத்த விரலுக்குப் போ” – இத மட்டும் அடிக்கடி சொல்லுங்க. வேண்டாம்னு சொல்ல முடியாம போனாலும் அது உன் தப்பு இல்லன்னும் சேர்த்து சொல்லணும், இல்லன்னா ஏற்கனவே பாதிக்கப்பட்ட பிள்ளை குற்ற உணர்ச்சியில இன்னும் வாய மூடிக்கும்.

அந்தப் பாடம் முடிஞ்சதும் ஒரு பிள்ளை வந்து ஏதாவது சொல்லிட்டா? அதான் எனக்கு பயமே.

வரும், அதனால பாடத்துக்கு முன்னாடியே தயாரா இருங்க. பள்ளிக்கூடத்துல யார்கிட்ட போகணும், உங்க நாட்டுல குழந்தைகள் உதவி எண் எது, சட்டப்படி யாருக்கு தகவல் சொல்லணும், மூணையும் எழுதி வச்சுக்கிட்டு அப்புறம் பாடத்த எடுங்க. பெரும்பாலும் எதிர்ல உட்கார்ந்து சொல்ல மாட்டாங்க, பென்சில் சீவிக்கிட்டே, பையோட ஜிப்ப இழுத்து இழுத்து மூடிக்கிட்டே, ஒரு வரி சொல்லிட்டு உங்க முகத்த பார்ப்பாங்க. முகத்துல அதிர்ச்சிய காட்டிடாதீங்க, காட்டினா அந்த ஒரு வரியோட நின்னுடும்.

கேளுங்க, குறுக்க பேசாதீங்க. “சொன்னது நல்லது, நான் நம்புறேன், இது உன் தப்பு இல்ல” – இது போதும். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணாதீங்க, “உனக்கு உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்வேன்”னு உண்மைய சொல்லுங்க. துருவித் துருவி கேட்காதீங்க, “மாமா தானே பண்ணாரு?”ன்னு நீங்களே பதில எடுத்துக் கொடுக்காதீங்க, விசாரணை நம்ம வேலை இல்ல. பிள்ளை போன உடனே அது சொன்ன அதே வார்த்தையில, தேதி, நேரம் போட்டு எழுதி, அன்னிக்கே சொல்ல வேண்டிய இடத்துல சொல்லுங்க. சந்தேகப்படுற ஆள கூப்பிட்டு நீங்களா விசாரிக்கவே கூடாது, அன்னிக்கு சாயங்காலம் பிள்ளை அதே வீட்டுக்குத் தான் திரும்பிப் போகும்.

வீட்ல சாப்பாட்டுக்கே வழியில்லாத பிள்ளைகிட்ட உனக்கு உரிமை இருக்குன்னு சொல்றது கொடுமையா இல்லையா?

இந்தக் கேள்வி கேட்டவங்க மேல எனக்கு மரியாதை வந்துச்சு, ஏன்னா அவங்க கண்ணு முன்னாடி ஒரு குறிப்பிட்ட பிள்ளை இருக்கு. சொல்லாம விட்டா அந்தப் பிள்ளை என்ன நினைச்சுக்கும்? நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், எங்க அம்மா அப்பா சரியில்லன்னு. சொன்னா, எனக்குச் சேர வேண்டியது வரல, அத செய்ய வேண்டியவங்க செய்யலன்னு புரியும், வெட்கம் அது மேலருந்து இறங்கிடும்.

அதுக்காக “வீட்ல எத்தனை வேளை சாப்பிடுறீங்க, கை தூக்குங்க”ன்னு கேட்கவே கேட்காதீங்க. யாரோட சொந்தக் கதையையும் கிளாஸ் நடுவுல இழுக்காம, கற்பனையா ஒரு பிள்ளைய வச்சு பேசுங்க. கிடைக்கக்கூடிய உதவி ஏதாவது இருந்தா அத பெத்தவங்ககிட்ட தனியா சொல்லுங்க.

பெத்தவங்க சண்டைக்கு வந்தா?

பாடம் எடுக்கிறதுக்கு முன்னாடியே அவங்கள ஒரு நாள் கூப்பிட்டு அதே அட்டை விளையாட்ட ஆட வைங்க, பாதி பிரச்சனை அங்கயே தீர்ந்துடும். பிள்ளைய வழிநடத்துற பொறுப்பும் உரிமையும் பெத்தவங்களுக்கு இருக்குன்னு 5வது பிரிவு சொல்லுது, பெத்தவங்கள மதிக்க கத்துக்கொடுக்கிறதும் கல்வியோட நோக்கம்னு 29வது பிரிவுல இருக்கு, அத படிச்சுக் காட்டுங்க. தொடுதல் பாடத்துல என்னென்ன வார்த்தை சொல்லப் போறீங்கன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க.

பிள்ளைங்க போட்டோவ குரூப்ல போடலாமா? எல்லாரும் போடுறாங்களே.

பெத்தவங்க சம்மதம் மட்டும் போதாது, பிள்ளையையும் கேளுங்க. அந்தரங்கம் 16வது பிரிவுல இருக்கு, அது ஆன்லைன்லயும் அப்படியே பொருந்தும்னு குழந்தை உரிமைக் குழு 2021ல தெளிவா சொல்லியிருக்கு. அழுற பிள்ளை, தண்டனையில நிக்கிற பிள்ளை, உதவி வாங்கிக்கிற பிள்ளை போட்டோவ எக்காரணம் கொண்டும் போடாதீங்க. ஒரு தடவை எடுக்கிறதுக்கு முன்னாடி கேட்டுப் பாருங்க, பத்துல ரெண்டு பேர் வேண்டாம்னு தலைய ஆட்டுவாங்க, அந்த ரெண்டு பேரையும் விட்டுட்டு எடுங்க.

இதுக்கு மார்க் எப்படி போடுறது?

போடாதீங்க. உரிமை எத்தனை வகைப்படும்னு கேள்வித்தாள்ல கேட்டா மனப்பாடம் தான் வரும். வருஷ ஆரம்பத்துலயும் கடைசியிலயும் நீங்களே ரெண்டு மூணு விஷயத்த கவனிச்சு எழுதி வச்சுக்கோங்க: டப்பாவுல எத்தனை சீட்டு விழுது, ஒருத்தன கிண்டல் பண்ணும்போது பக்கத்துல இருக்கிறவங்க என்ன பண்றாங்க, பந்து கைக்கு வந்தும் பேசாம கடத்திவிட்ட பிள்ளைங்கள்ல இப்ப எத்தனை பேர் பேசுறாங்க.

எல்லாம் சரி, டீச்சருக்கு யார் இருக்கா? நானே களைச்சுப் போயிருக்கேன்.

நியாயமான கேள்வி. ஒரு பிள்ளை சொன்ன விஷயத்த மனசுல வச்சுக்கிட்டு அடுத்த பீரியட் வாய்ப்பாடு நடத்துறது சாதாரண வேலை இல்ல. தகவல் சொல்லி முடிச்ச அன்னிக்கு, பிள்ளையோட பேர் சொல்லாம, நம்பிக்கையான ஒரு சக டீச்சர்கிட்ட உட்கார்ந்து பேசிடுங்க, தனியா சுமக்காதீங்க. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல ஆரம்பிக்கணும்னும் இல்ல. இந்த டெர்ம்ல டப்பாவும் வாராந்திர வட்டமும் மட்டும் போதும், தொடுதல் பாடத்த யார்கிட்ட தகவல் சொல்லணும்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகு எடுங்க, அட்டைங்கள லீவுல பிள்ளைங்களையே வரைஞ்சு எடுத்துட்டு வரச் சொல்லலாம்.